பிழைச்செய்தியின் வாயை அடைக்கும் அந்த ஒரு வரி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை உள்ளவர்களும், அந்தப் பிள்ளைகளிடம் கடை வேலை, கணக்கு வேலை கொடுக்கும் முதலாளிமாரும் பொறுமையாக வாசித்து முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தொழில்நுட்பச் சொற்கள் சில வரும். வரும் இடத்திலேயே விளக்கிவிடுகிறோம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நன்றாக ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுப்பவர்கள் பைத்தான் மொழியைப் பாடமாகவே படிக்கிறார்கள். ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்துச் செய்த வேலையை இன்று பக்கத்துத் தெருத் தம்பி செய்துதருகிறார். கடையில் பில் போட்டதும் முதலாளியின் ஃபோனில் கணக்கு ஏறுகிறது. தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கிறது. பாமசியில் ஒரு மருந்து முடியப் போகும்போது அறிவிப்பு வருகிறது. இதில் நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் இப்படியான ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. “எதிர்ப்பக்கச் சேர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காதே” என்று கணினிக்குக் கட்டளையிடும் வரி அது. அந்த வரியை நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது, அவர்கள் கொண்டுவந்தால் ஏற்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கவும் கூடாது. இதுதான் இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வரும் கருத்து. ஏன் என்பதை விளக்குகிறோம்.

லைன் எப்படிக் கிடைக்கிறது?

சாதாரண இணையப் பக்கம் கடிதப் போக்குவரத்து மாதிரி. நாம் கேட்கிறோம், பதில் வருகிறது, அத்தோடு முடிந்தது. புதிய செய்தி இருக்கிறதா என்று அறிய மறுபடியும் கேட்க வேண்டும். வெப்சொக்கெட் என்பது தொலைபேசி அழைப்பு மாதிரி. ஒருமுறை லைன் கிடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் விரும்பிய நேரம் பேசலாம். கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் புதுப்பிக்காமலே செய்தி வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஓடுவது இந்த வெப்சொக்கெட்தான். இதன் விதிகள் 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற ஆவணமாக வெளியாகின.

இதன் முகவரி இரண்டு வகை. ‘டபிள்யூ.எஸ்.’ என்று தொடங்குவது திறந்த லைன். வழமையாக 80ஆம் இலக்கப் போர்ட்டில் போகும். ‘டபிள்யூ.எஸ்.எஸ்.’ என்று தொடங்குவது பாதுகாக்கப்பட்ட லைன். வழமையாக 443ஆம் இலக்கப் போர்ட். வங்கியின் இணையத்தளத்துக்குப் போகும்போது நம் இணைப்பைக் காக்குமே, அதே டி.எல்.எஸ். என்ற பாதுகாப்புத்தான் இங்கும்.

கடைசியில் உள்ள அந்த ஒரு ‘எஸ்’ இரண்டு வேலை செய்கிறது. பலருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

முதலாவது, பேச்சை இடையில் யாரும் வாசிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிவிடுகிறது. இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் பேசுபவர் உண்மையிலேயே நாம் தேடிப்போன ஆள்தானா என்று பார்க்கிறது.

இரண்டாவது வேலை எவ்வளவு பெரியது என்பது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும். “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஃபோனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று அழைப்பு வராத வீடு இன்று குறைவு. அந்த அழைப்பில் லைன் தெளிவாகத்தான் இருக்கிறது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவும் இல்லை. இரகசியமாகத்தான் பேசுகிறோம். ஆனால் பேசுவது கள்ளன். கள்ளனோடு எவ்வளவு இரகசியமாகப் பேசினாலும் என்ன பயன்? லைன் பூட்டியிருப்பது வேறு, பேசுபவர் யார் என்பது வேறு. சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்திய ஸ்கிரிப்ட் செய்வது இதைத்தான்: யாரென்று கேட்காமல் கதவைத் திறந்து, உள்ளே அழைத்து, பிறகு கதவை இறுக்கப் பூட்டிக்கொள்கிறது.

சரிபார்ப்பு என்பது பெரிய மந்திரமும் இல்லை. வங்கியில் நம் அடையாள அட்டையைப் பார்ப்பது மாதிரித்தான். அட்டையைக் கொடுத்தது ஆட்பதிவுத் திணைக்களமா? அதில் உள்ள பெயர் படிவத்தில் உள்ள பெயரா? சேர்வரின் சான்றிதழிலும் இதே கேள்விகள். அதற்குக் கையொப்பமிட்டவர் என் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறாரா? நான் அழைத்த பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா? இன்றைய திகதிக்கு அது செல்லுமா? இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் ஸ்கிரிப்ட் நின்று பிழைச்செய்தி காட்டும். அப்படி நிற்பதுதான் அதன் கடமை.

எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பது முக்கியம்

முதலில் கணினி சேர்வரோடு இணைகிறது. அடுத்து டி.எல்.எஸ். கைகுலுக்கல், சான்றிதழ் பார்க்கப்படுவது இங்கேதான். அதன் பிறகே ஸ்கிரிப்ட் “இந்த லைனை வெப்சொக்கெட்டாக மாற்று” என்று கேட்கிறது. சேர்வர் 101 என்ற இலக்கத்தோடு சம்மதம் சொல்கிறது. பிறகு பேச்சு தொடங்குகிறது.

சம்மதம் கேட்கும் அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் ஒரு சாவியை அனுப்பும். சேர்வர் அதைக் கணக்குப் பண்ணி ஒரு விடை தரும். அதைப் பார்த்துவிட்டு, “சாவி சரிபார்க்கப்படுகிறதுதானே சேர், பிறகென்ன?” என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் போட வேண்டும் என்பது எல்லோரும் வாசிக்கும் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு வெப்சொக்கெட் மொழி தெரியும் என்பதை மட்டுமே அது நிரூபிக்கும். கள்ளனுக்கும் அந்த மொழி தெரியும். அதேபோல ஸ்கிரிப்ட் அனுப்பும் ஒவ்வொரு தகவலும் ஒரு ‘மாஸ்க்’ போட்டுத்தான் போகும். அந்த மாஸ்க்கைக் கழற்றும் சாவியும் அதே பொதிக்குள்ளேயே போவதால் அதை இரகசியப் பூட்டு என்று எண்ணக் கூடாது. ஆகவே ஆளை அறியும் இடம் டி.எல்.எஸ். ஒன்றுதான். அதை நிறுத்தினால் அதற்குப் பதிலாக நிற்க வேறு காவல் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லைன் கிடைத்ததும் ஸ்கிரிப்ட் முதலில் அனுப்புவது பெரும்பாலும் எதை? தன் கடவுச்சொல்லை, அல்லது டோக்கன் எனப்படும் அனுமதி இலக்கத்தை. எதிரே இருப்பவர் போலியென்றால் அவர் கையில் நாம் முதலில் கொடுப்பதே வீட்டுச் சாவிதான். அதை வைத்துக்கொண்டு அவர் உண்மையான சேர்வருக்குப் போய் நம் பெயரில் நுழையலாம்.

உலாவிக்கு இருக்கும் கண் ஸ்கிரிப்டுக்கு இல்லை

குரோமிலோ ஃபயர்ஃபொக்ஸிலோ சான்றிதழ் பிழைத்தால் பக்கம் முழுக்க எச்சரிக்கை வரும். ஓர் ஆள் அதைப் பார்க்கிறார், யோசிக்கிறார், திரும்புகிறார். பாதுகாப்பான பக்கத்திலிருந்து திறந்த வெப்சொக்கெட்டை இணைக்க முயன்றால் உலாவியே தடுத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அது இரவு 2 மணிக்கும் ஆளில்லாத கடையில் ஓடிக்கொண்டிருக்கும். லைன் அறுந்தால் தானே மறுபடி இணைக்கும். ஒவ்வொரு முறையும் டோக்கனைத் தானே நீட்டும். தயங்க அதற்குத் தெரியாது. எழுதியவர் வைத்த கண் மட்டும்தான் அதன் கண். அந்தக் கண்ணைக் கட்டிவிட்டால் வருடக்கணக்காகக் கட்டியபடியே ஓடும். எழுதிய தம்பி கட்டாருக்கோ மலேசியாவுக்கோ போயிருப்பார், ஸ்கிரிப்ட் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தையும் ஒஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலாவி அல்லாத மென்பொருள்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்பதுதான் கேள்வி. பணம் கையாளும் மென்பொருள்கள் உட்படப் பலவற்றில் சரிபார்ப்பு உடைந்திருந்ததைக் கண்டார்கள். கட்டளைகள் குழப்பமாக அமைந்திருந்ததும் எழுதுபவர்கள் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டதும் முக்கிய காரணங்கள். பைத்தான் மொழியே 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்புவரைக்கும் பாதுகாப்பான இணையப் பக்கங்களை எடுக்கும்போது சான்றிதழைத் தானாகச் சரிபார்க்கவில்லை. உலகம் இவ்வளவு பாடுபட்டுச் சரிபார்ப்பை இயல்பு நிலையாக்கியது. நாம் ஒரு வரியில் அதைத் திருப்பி அணைக்கிறோம்.

அந்த வரியின் பெயரைப் பார்த்தாலே போதும். சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் பாவிக்கும் கட்டளை ஒன்றின் பெயரே ‘செட் இன்செக்யூர்’, அதாவது ‘பாதுகாப்பற்றதாக்கு’. நோட் ஜே.எஸ்.இல் எழுதுபவர்கள் போடுவது ‘அனுமதியற்றவரை நிராகரிக்காதே’ என்று பொருள்படும் வரி. பைத்தானில் முதலில் பெயர்ச் சரிபார்ப்பை அணைக்காமல் சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைக்கப் போனால் அது மறுத்துப் பிழை காட்டும். எழுதியவர்கள் இவ்வளவு தெளிவாகப் பெயர் வைத்து, தடையும் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிப் போவதற்கு நமக்கு என்ன அவசரம்?

வழமையான சாட்டுகள்

“நம்ம சின்னக் கடைக்கு யார் வரப்போறாங்க சேர்?” யாரும் குறிவைத்து வர வேண்டியதில்லை. ஒரே ரவுட்டரை நாலு கடை பங்கிடுவதும், அதன் கடவுச்சொல் பெட்டியில் வந்தபடியே இருப்பதும் நம் பஜாரில் புதிதில்லை. அந்த ரவுட்டரைக் கைப்பற்றியவர் நம் ஸ்கிரிப்ட் தேடும் பெயரைத் தன் கணினிப் பக்கம் திருப்பிவிடலாம். சரிபார்ப்பு இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் பேசத் தொடங்கிவிடும்.

“சோதனைக்கு மட்டும்தான் போட்டேன், பிறகு எடுத்துவிடுவேன்.” வேலை செய்யும் ஒன்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிழைச்செய்தி இருந்தாலாவது ஞாபகம் வரும். அதன் வாயை அடைத்த பிறகு ஞாபகப்படுத்த எதுவும் இல்லை.

“அதுதான் மறைகுறியாக்கம் இருக்கே.” வங்கி அழைப்பின் உதாரணத்தை மறுபடி வாசிக்கவும்.

“சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களையே ஏமாற்றுகிறார்களாமே, பிறகு சரிபார்த்து என்ன?” இது நியாயமான கேள்வி. 2011இல் நெதர்லாந்தின் டிஜினோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவி கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானிலிருந்த பயனர்களை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. அது எப்படி வெளியில் வந்தது? அங்கிருந்த ஒரு பயனர், குரோம் உலாவி காட்டிய சான்றிதழ் எச்சரிக்கையைப் பார்த்து இணையத்தில் கேட்டதிலிருந்துதான். உலாவிகள் அந்த நிறுவனத்தைத் தம் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து தூக்கின. அதே வருடம் செப்டம்பரில் அது வங்குரோத்தானது. காவல் தளர்ந்த நாளிலும் ஊரைக் காப்பாற்றியது ஓர் எச்சரிக்கைதான். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அப்படியென்றால் பிழை வந்தால் என்ன செய்வது?

பிள்ளைகள் அந்த வரியைத் தேடிப் போவது கெட்ட எண்ணத்தில் இல்லை. பிழைச்செய்தி வருகிறது, விளங்கவில்லை, நாளைக்கு வேலையைக் கொடுக்க வேண்டும். தேடினால் முதலில் கிடைப்பது அந்த வரிதான். ஆகவே “போடாதே” என்று சொல்வதோடு நிற்காமல் மாற்று வழியையும் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு. பெரும்பாலான பிழைகள் கீழே உள்ள 4 காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

1. கணினியின் திகதி பிழை. பழைய கணினியில் உள்ளே இருக்கும் சின்ன பட்டரி செத்தால், கரண்ட் போய் வரும்போது திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் திகதிக்குச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஈ.எஸ்.பி. 32 போன்ற கருவிகள் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் 1970இல் இருந்து எண்ணத் தொடங்கும். முதலில் இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கச் செய்து, பிறகு லைனை இணைத்தால் பிரச்சினை தீரும்.

2. நம்பிக்கைப் பட்டியல் பழையது. 2021 செப்டம்பர் 30ஆம் திகதி, இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அன்று உலகெங்கும் பழைய கருவிகளில் இணைப்புகள் பிழைத்தன. சேர்வரில் குறையில்லை, கருவியின் பட்டியல்தான் பழையது. கணினியையும் பைத்தானையும் புதுப்பிப்பதுதான் வழி. மெக் கணினியில் பைத்தானின் உத்தியோகபூர்வ தளத்திலிருந்து நிறுவியவர்கள், அதோடு வரும் சான்றிதழ் நிறுவும் கோப்பை ஒருமுறை ஓடவிட வேண்டும். பலர் அதை விட்டுவிடுவார்கள்.

3. பெயர் பொருந்தவில்லை. சான்றிதழ் ஒரு பெயருக்கு எடுத்திருப்பார்கள், ஸ்கிரிப்டில் 192 என்று தொடங்கும் இலக்க முகவரியைப் போட்டிருப்பார்கள். சான்றிதழில் உள்ள பெயரைக் கொண்டே அழைத்தால் சரி.

4. சேர்வர் தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டது. கடைக்குள் இருக்கும் சொந்த சேர்வர்களில் இது வழமை. இதற்கும் சரிபார்ப்பை அணைக்க வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ்க் கோப்பை ஸ்கிரிப்டிடம் கொடுத்து, “இந்த ஒன்றை மட்டும் நம்பு” என்று சொல்ல ஒரு வரி போதும். அணைக்கவும் ஒரு வரிதான், ஒழுங்காகச் செய்யவும் ஒரு வரிதான். உழைப்பில் வித்தியாசம் இல்லை. வேறு பெயரில் சேர்வர் வைக்க விரும்பினால், லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் காசு வாங்காமலே சான்றிதழ் கொடுக்கிறது.

இதோடு இன்னும் 2 பழக்கம். டோக்கனை முகவரிக்குள் ஒட்டி அனுப்பக் கூடாது. முகவரிகள் சேர்வரின் பதிவேடுகளில் அப்படியே எழுதப்பட்டுக் கிடக்கும். லைன் அறுந்தால் வினாடிக்கு வினாடி மோதாமல், 1, 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு முயல வேண்டும். சான்றிதழ் பிழையால் அறுந்தால் மட்டும் திரும்பத் திரும்ப முயலாமல் நின்று, ஆளுக்கு அறிவிக்க வேண்டும்.

இது யாருடைய வேலை?

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது: சரிபார்ப்பை அணைத்த ஒரு செயற்றிட்டம் எவ்வளவு அழகாக ஓடினாலும், அதை முடிந்த வேலையாக ஏற்காமல் திருத்தி வரச் சொல்வது. ஓடுவது ஒரு பாதி; ஒழுங்காக ஓடுவது மறுபாதி. கணக்குப் பாடத்தில் விடை சரியாக இருந்தாலும் வழி பிழையென்றால் புள்ளி குறைக்கிறோமே, அதே நியாயம்தான். பாடசாலைக் கணினிகளின் திகதியையும் மென்பொருளையும் ஒழுங்காக வைத்திருப்பதும் எங்கள் பக்கத்து வேலை. கருவியே பழுதாக இருந்தால் பிள்ளை குறுக்கு வழி தேடுவதில் ஆச்சரியமில்லை. டியூஷன் நடத்தும் சகோதரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலாளிமாரே, நீங்கள் நிரல் படிக்க வேண்டியதில்லை. வேலையை வாங்கும்போது 3 கேள்வி கேளுங்கள். “முகவரி டபிள்யூ.எஸ்.எஸ்.இல்தான் தொடங்குகிறதா? சான்றிதழ்ச் சரிபார்ப்பை எங்காவது அணைத்திருக்கிறீர்களா? நாளைக்குச் சான்றிதழ் பிழைத்தால் ஸ்கிரிப்ட் நிற்குமா, எனக்கு அறிவிப்பு வருமா?” ஒழுங்காகச் செய்த தம்பி தயங்காமல் பதில் சொல்வார். ஒரு பங்குக் காசைக் குறைப்பதற்காக இரவோடு இரவாக முடித்துத் தரச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். அந்த வரி பிறப்பது பெரும்பாலும் அப்படியான இரவுகளில்தான்.

இதில் ஓடுவது வெறும் கடைக் கணக்கு மட்டுமில்லை. கடனுக்குச் சாமான் எடுத்தவர்களின் பட்டியல் இருக்கிறது. பாமசியில் யார் என்ன மருந்து எடுக்கிறார் என்பது இருக்கிறது. நாளை உதவி பெறும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும் இப்படி ஒரு லைனில் போகலாம். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று வாழப் பழகிய சமூகம் நாம். அந்தப் பெயர்கள் நம்மிடம் உள்ள அமானிதம். சட்டமும் இதைத்தான் சொல்கிறது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரின் தகவலைக் கையாள்பவர் அதன் இரகசியத்தைப் பொருத்தமான தொழில்நுட்ப ஏற்பாடுகளால் காக்க வேண்டும் என்கிறது. “பிள்ளை எழுதியது, எனக்குத் தெரியாது” என்பது தன் பெயர் வெளியான ஏழைக்கு ஆறுதலாகாது.

தம்பி தங்கைமாரே, உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. நாளை இணையத்தின் வழியே வெளிநாட்டு வேலை எடுக்கப் போகிறவர்களும் நீங்கள்தான். அங்கே உங்கள் நிரலை வேறொருவர் வரி வரியாக வாசிப்பார். அந்த ஒரு வரியைக் கண்டால் மற்ற ஆயிரம் வரியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். உங்கள் பழைய ஸ்கிரிப்டுகளை இந்த வார இறுதியில் ஒருமுறை திறந்து தேடிப் பாருங்கள். இருந்தால் எடுங்கள். எடுத்ததும் பிழைச்செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். மேலே உள்ள 4 காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்போதும் விளங்காவிட்டால் பிழைச்செய்தியை அப்படியே கருத்துப் பகுதியில் போடுங்கள். டோக்கனையும் கடவுச்சொல்லையும் மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.